பிரெஞ்சுக் குசினி செத்துவிட்டதா?

4 அக்டோபர் 2025

கோயம்புத்தூரில் ஓட்டல் மேனேஜ்மென்ட் படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி, அப்படியே போடுகிறேன்:

"அண்ணா, எங்களுக்கு இன்னமும் மற்ற சாஸ்களுக்கெல்லாம் தாயான ஐந்து சாஸ், பதினேழு கோர்ஸ் பிரெஞ்சு மெனு என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். பாரிஸில் இருக்கும் எங்கள் சீனியர், அங்கே எல்லோரும் பர்கரும் ராமெனும்தான் சாப்பிடுகிறார்கள், கிளாசிக் பிரெஞ்சு எல்லாம் மியூசியத்துக்குப் போயாச்சு என்கிறார். நீங்கள் அங்கே கிச்சனில் வேலை செய்பவர். இதைப் படித்து என்ன பயன்?"

4 அக்டோபர், நள்ளிரவு

வேலை முடிந்து வந்து எழுதுகிறேன், சுருக்கமாக.

உங்கள் சீனியர் பார்த்ததும் பொய்யில்லை. ஆனால் 2020 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். லியோனுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ஷெஃப் போல் பொக்கூஸின் ரெஸ்டாரன்டுக்கு, ரெஸ்டாரன்டுகளுக்கு நட்சத்திரம் போடும் மிஷ்லான் புத்தகத்தில் 1965 முதல் மூன்று நட்சத்திரம் இருந்தது. அவர் இறந்து இரண்டு வருடத்தில் அதில் ஒன்றைப் பிடுங்கினார்கள். நாடே சாவீடு மாதிரிக் கதைத்தது. அதே மாதம், அதே புத்தகத்தில், பாரிஸில் கடை வைத்திருக்கும் கெய் கொபயாஷிக்கு மூன்று நட்சத்திரம். பிரான்சில் அதைப் பெற்ற முதல் ஜப்பானியர் அவர். செய்வது பிரெஞ்சுச் சமையல்தான். ஆக, மியூசியத்துக்குப் போனது எது, உயிரோடு இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். மிச்சம் நாளைக்கு.

5 அக்டோபர்

ஞாயிறு, லீவு. கொஞ்சம் விரித்து எழுதலாம்.

நீங்கள் பரீட்சையில் எழுதும், அந்த ஐந்தில் ஒன்றான எஸ்பன்யோல் சாஸை, புத்தகத்தில் உள்ளபடியே, நான் வேலை செய்த எந்தக் குசினியிலும் யாரும் செய்து பார்த்ததில்லை. பட்டரில் மாவைப் பழுப்பாக வறுத்த ரூ, அதில் பழுப்புச் சாறு, தக்காளி, மறுபடி சாறு, மறுபடி வற்றவைத்தல் என்று இழுக்கும் வேலை அது. கிளாசிக் சமையலை வகுத்துவைத்த ஷெஃப் எஸ்கோஃபியே 1903இல் தன் பெரிய சமையல் கையேட்டைப் போட்டபோது அவருக்குக் கீழே ஒரு படையே இருந்தது. சாஸுக்கு ஒருவர், பொரிப்பதற்கு ஒருவர், குளிர்ந்த பண்டத்துக்கு ஒருவர் என்று பிரித்து வைத்ததே அவர்தான். இன்றைக்கு எங்கள் குசினியில் ஐந்து பேர். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் நான்கு.

ஆனால் ஃபோன் இருக்கிறதே, கன்று எலும்புச் சாறு, அதை வாரத்துக்கு இரண்டு தரம் போடுகிறோம். எலும்புகளைத் தட்டில் பரப்பி 220 பாகையில் அவன் அடுப்புக்குள் தள்ளுவது. நல்ல செம்பழுப்பு வரவேண்டும்; ஒரு மூலை கருகினாலும் அந்தக் கசப்பு கடைசிவரை நிற்கும். வெங்காயம், காரட், செலரி, கொஞ்சம் தக்காளி விழுது. தட்டின் அடியில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சேர்க்கவேண்டும், ருசியெல்லாம் அங்கேதான் இருக்கிறது. பிறகு பச்சைத் தண்ணீர், சின்ன நெருப்பு. குமிழி ஒன்று இரண்டு வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் சாறு கலங்கிவிடும். எட்டு மணி நேரமாவது. இடையிடையே வந்து நுரை எடுக்கவேண்டும். கடைசியில் வடித்து, பாதிக்கும் கீழே வற்றவைத்தால் குளிர்பெட்டியில் ஜெலி மாதிரி நிற்கும். இரவு எட்டரைக்கு ஓர்டர் குவியும்போது அதில் ஒரு கரண்டி, கொஞ்சம் வைன், ஒரு துண்டு பட்டர். இரண்டு நிமிடத்தில் சாஸ் தயார்.

கிளாசிக் என்று நான் சொல்வது இதைத்தான். ராத்திரி இரண்டு நிமிடத்தில் முடிக்கவேண்டியதற்குக் காலையிலேயே எட்டு மணி நேரத்தைச் செலவழித்து வைப்பது. டிஷ்களின் பெயர்ப் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும், இந்த ஏற்பாடு மாறவில்லை.

5 அக்டோபர், மாலை

காலையில் எழுதியதை வாசித்தேன். எஸ்பன்யோலைக் கொன்றது ஆள் பற்றாக்குறை மட்டும் என்பதுபோல் இருக்கிறது. அது பாதிக் கதை. மாவு போட்ட கனமான சாஸ் வேண்டாம், நேரத்தைக் குறை, சந்தையில் இன்றைக்கு என்ன வந்ததோ அதைச் சமை என்று 1973இல் கோ, மியோ என்ற இரண்டு சாப்பாட்டு விமர்சகர்கள் தங்கள் பத்திரிகையில் பத்துக் கட்டளை போட்டார்கள். நுவெல் குய்சீன், அதாவது புதுச் சமையல், என்று பெயர். அப்போதே கிளாசிக்குக்குக் கருமாதி செய்தாயிற்று. அந்தக் கூட்டத்தின் நாயகன் யார்? நட்சத்திரம் போனபோது பழைமையின் காவலன் என்று எல்லோரும் அழுத அதே பொக்கூஸ்.

இன்னொரு வேடிக்கை. ரூவில் மாவுக்கு வேலை கெட்டியாக்குவது மட்டும்தான், ஒருநாள் சுத்தமான ஸ்டார்ச் அந்த இடத்தைப் பிடிக்கும் என்று எஸ்கோஃபியேயே தன் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார். அதை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை, என்ன தம்பி?

8 அக்டோபர்

வாசகர்கள் சிலர் பர்கர் கணக்கு கேட்டிருந்தார்கள். பிரான்சில் ரெஸ்டாரன்ட் வியாபாரத்தை அளக்கும் கிரா கொன்சேய் என்ற நிறுவனத்தின் கணக்கில், 2017இல் ஏறத்தாழ 146 கோடி பர்கர் விற்றது. பாணுக்குள், அதாவது ரொட்டிக்குள், ஹாமும் பட்டரும் வைத்த ஜாம்போன்-பேர் சுமார் 120 கோடி. பர்கர் முந்தியது அந்த வருடம்தான். மேசை போட்டுப் பரிமாறும் ரெஸ்டாரன்டுகளிலும் பெரும்பாலானவற்றின் மெனுவில் பர்கர் இருக்கிறது. எங்களிடமும் இருக்கிறது. முதலாளி அதை எடுக்கமாட்டார்; மத்தியான வாடகையைக் கட்டுவதே அதுதான்.

ஆனால் பர்கர் யாரை அடித்தது என்று பாருங்கள். ஜாம்போன்-பேரை அடித்தது, மத்தியான அவசரச் சாப்பாட்டை அடித்தது. ஆட்டுத்தொடை ரோஸ்ட்டுக்கும், வைனில் வேகவைத்த மாட்டிறைச்சியான பூஃப் பூர்கின்யோனுக்கும் அது போட்டியே இல்லை. அவை ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கிவிட்டன.

"யுனெஸ்கோவே பிரெஞ்சுச் சமையலைப் பாரம்பரியமாக அறிவித்துவிட்டதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 2010இல் பட்டியலில் சேர்த்தது பிரெஞ்சுக்காரர் விசேஷ நாளில் கூடிச் சாப்பிடும் முறையை. முதலில் ஒரு குடி, பிறகு தொடக்கம், பிரதானம், சீஸ், இனிப்பு என்ற வரிசை, மேசையை வடிவாகப் போடுவது, எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன், இதெல்லாம். எந்த டிஷ்ஷும் அதில் இல்லை. அந்த வரிசையில் வட ஆப்பிரிக்கக் கூஸ்கூஸ் வைத்தாலும் யுனெஸ்கோவுக்குச் சம்மதம்தான். 2022இல் சேர்த்தது பகெத் என்ற நீளப் பாண் செய்யும் கைத்தொழிலை.

12 அக்டோபர்

இன்றைக்கு பூய்யோன் என்ற மலிவுச் சாப்பாட்டுக் கடைகள்.

பாரிஸில் கிளாசிக் செத்துவிட்டது என்பவர்களை ஒரு சனிக்கிழமை இரவு பிகாலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். பூய்யோன் பிகால் 2017இல் திறந்தது. 2021இல் ரெபூப்ளிக்கில் இன்னொன்று. வாசலில் வரிசை, அதில் நிற்பது முக்கால்வாசி இருபத்தைந்து வயதுப் பெடியன்களும் பெட்டைகளும். உள்ளே என்ன? முட்டை மயோனேஸ், வினிகிரெத்தில் ஊறிய லீக்ஸ், பூர்கின்யோன், சொசேஜும் உருளைக்கிழங்கு மசியலும், சாக்லேட் சாஸ் ஊற்றிய புரோஃபித்தரோல். பாட்டன் காலத்துச் சாப்பாடு, ஒரு பர்கர் மெனுவின் விலைக்குக் கொஞ்சம் மேலே.

இது புதிதுமல்ல. 1850களில் துவால் என்ற இறைச்சிக்கடைக்காரர், விலைபோகாத துண்டுகளை வேகவைத்து, அந்தச் சாறையும் இறைச்சியையும் தொழிலாளிகளுக்கு மலிவாக விற்றார். அந்தச் சாறுதான் பூய்யோன், கடைக்கும் அதுவே பேராகிவிட்டது. 1900ஐ ஒட்டிப் பாரிஸ் முழுக்க இப்படிக் கடைகள். பிறகு அருகிப்போய், 1896இல் தொடங்கிய ஷார்த்தியே போன்ற ஒன்றிரண்டு தப்பின. ஷார்த்தியேயில் பில்லை இன்னமும் மேசைக் காகிதத்திலேயே எழுதிக் கூட்டுகிறார்கள்.

ஏன் மலிவு என்று குசினிக்காரனாகச் சொல்கிறேன். பூர்கின்யோன் ஓர்டர் வந்தபிறகு சமைக்கும் பண்டமில்லை. காலையில் பெரிய சட்டியில் போட்டுவிட்டால், முந்நூறு பேர் வந்தாலும் கரண்டியால் அள்ளி வைப்பதுதான் வேலை. மலிவான கழுத்து, கன்னம், தாடை இறைச்சி. நேரம்தான் அதை மென்மையாக்குகிறது. ஸ்டேக் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் சட்டியின் முன்னால் நிற்கவேண்டும். ஆள் சம்பளம் ஏறும் காலத்தில் பழைய சாப்பாடுதான் லாபம்! இதை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

12 அக்டோபர், இன்னும் கொஞ்சம்

"அதெல்லாம் பைக்கற்றில் வருவது" என்று ஒருவர் கொதித்திருக்கிறார். சில இடங்களில் அப்படித்தான், மறைக்கத் தேவையில்லை. நான் முன்பு வேலை செய்த ஒரு பிஸ்த்ரோவில் கன்றிறைச்சியை வெள்ளைச் சாஸில் வைக்கும் பிளாங்கெத், வெற்றிடப் பையில் வரும். பையை வெந்நீரில் போட்டு, வெட்டி, கிண்ணத்தில் ஊற்றி, மேலே பார்ஸ்லி. சுவரில் மட்டும் பாட்டியின் சமையல் என்று எழுதியிருந்தது. சுற்றுலாக்காரர் படமெடுத்துவிட்டுப் போவார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2014இல் ஃபே மேசோன், அதாவது வீட்டில் செய்தது, என்ற முத்திரை வந்தது. சட்டிக்கு மேலே வீட்டுக் கூரை வைத்த மாதிரி ஒரு சின்னம். நல்ல எண்ணம், ஆனால் சட்டத்தில் ஓட்டை. சமைக்காத பச்சைப் பொருளாக இருந்தால், உறையவைத்து வந்திருந்தாலும் முத்திரை போடலாம். நறுக்கி உறையவைத்த வெங்காயத்தில் சூப் வைத்தாலும் அது வீட்டில் செய்ததுதான். ஷெஃப்களுக்குள் இன்னமும் இதில் சண்டை.

பிளாங்கெத் வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: கடைசியில் மஞ்சள் கருவும் கிரீமும் சேர்த்தபிறகு கொதிக்கவிடாதீர்கள். கொதித்தால் முட்டை திரிந்து, வாந்தி எடுத்தது போலிருக்கும்.

18 அக்டோபர்

மயிலாப்பூரிலிருந்து ஒரு ஐயா: "சைவக்காரனுக்கு உங்கள் கிளாசிக்கில் என்ன இருக்கிறது?"

ஐயா, கிளாசிக்கில் கொஞ்சம்தான். கிரீமில் சுட்ட உருளைக்கிழங்கான கிரத்தான் தோஃபினுவா உண்டு, காய்கறிக் கூட்டான ரத்தத்தூய் உண்டு, முட்டை ஓகே என்றால் ஆம்லெட், சூஃப்லே. வெங்காய சூப்பில் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கொம்தே, ரொக்ஃபோர் போன்ற பெயர்பெற்ற சீஸ்களில் பாலைத் திரியவைக்க, கன்றுக்குட்டி போன்ற இளம் விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னட்டைத்தான் போடுகிறார்கள். கண்டிப்பான சைவர் என்றால் அதுவும் அடிபட்டுப்போகும்.

வருங்காலம் என்று வந்தால் இந்தக் கேள்விதான் பர்கரைவிடப் பெரியது. பாரிஸ் ஷெஃப் அலன் பசார் 2001இலேயே தன் ஆர்பேஜ் ரெஸ்டாரன்டில் சிவப்பு இறைச்சியை நிறுத்தினார். மூன்று நட்சத்திரம் போகவில்லை. 2025 ஜூலையில் தேனைத் தவிர, விலங்கிலிருந்து வரும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பீற்றூட்டை உப்பு மேட்டுக்குள் புதைத்துச் சுடுவது அவருடைய பழைய வித்தை. கோழியை அப்படிச் சுடும் கிளாசிக் முறையைத்தான் காய்கறிக்குத் திருப்பியிருக்கிறார். மறுபக்கம், அர்கஷோன் குடாப் பக்கம் ஆரேஸ் ஊரில் கிளேர் வாலேயின் ஓனா, முழு வீகன் கடை, 2021இல் நட்சத்திரம் வாங்கியது. அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். பசாரின் விலையில் பீற்றூட் வாங்கிச் சாப்பிட பாரிஸில் ஆள் இருக்கிறது. எல்லா ஊரிலும் இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

பட்டர் இல்லாமல் பிரெஞ்சுச் சமையலா என்று கேட்டால் என் கை நடுங்குகிறது. பேர்பெற்ற ஷெஃப் ரொபுஷோனின் உருளைக்கிழங்கு மசியலுக்குப் புத்தகத்தில் போட்ட அளவே ஒரு கிலோ கிழங்குக்குக் கால் கிலோ பட்டர்.

19 அக்டோபர்

பாதை விலகுகிறேன், பரவாயில்லை. 2022இல் பிரான்சில் கடுகு விழுது தட்டுப்பாடு வந்தது ஞாபகம் இருக்கிறதா? சூப்பர் மார்க்கெட்டில் தட்டு காலி, ஆளுக்கு ஒரு போத்தல்தான். தீஜோன் கடுகு என்று பெயர், விதையில் பெரும்பகுதி வருவது கனடாவிலிருந்து. 2021இல் அங்கே வறட்சி, அவ்வளவுதான். முட்டை மயோனேஸ், வினிகிரெத், முயல் கறி எல்லாம் கடுகை நம்பி நிற்பவை. எங்கள் ஷெஃப் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நாட்களில் பாரிஸின் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் கடுகு மூட்டை மூட்டையாக இருந்தது. தாவரம் பார்த்தால் ஏறத்தாழ ஒரே இனம். ஊறவைத்து வினிகர் விட்டு அரைத்துக் கொடுத்தேன். நம் கறுப்புத் தோல் வடிகட்டியும் போகாமல் விழுது புள்ளிபுள்ளியாக இருந்தது, ஆனால் மூக்கில் ஏறியது. ஷெஃப் அதை முயலுக்கு மட்டும் அனுமதித்தார்.

26 அக்டோபர்

இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கிளாசிக்கை இப்போது சமைப்பது யார்?

பாரிஸ் குசினிகளின் பின்கதவால் உள்ளே போய்ப் பாருங்கள். நம் யாழ்ப்பாணத்துச் சனம், மாலி நாட்டுக்காரர், வங்காளதேசத்தவர். எங்களில் அநேகம் பேர் கோப்பை கழுவத்தான் உள்ளே போனோம். பிறகு கிழங்கு உரிப்பு, பிறகு சலாட், ஒருநாள் கொமி, அதாவது உதவிச் சமையல்காரர், வரவில்லை என்று அடுப்பு. சமையல் பள்ளிக்கூடப் படியை மிதிக்காமலே, மஞ்சள் கருவும் பட்டரும் அடித்த ஓலண்டேஸ் சாஸ் திரியப்போவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கும் அண்ணைமாரை எனக்குத் தெரியும்.

2023இல் பாரிஸின் சிறந்த பகெத் போட்டியில் முதலிடம் இலங்கைத் தமிழரான தர்ஷன் செல்வராஜாவுக்கு. இருபதாம் வட்டாரத்தில் கடை. 4,000 யூரோ பரிசு, அதோடு ஒரு வருடம் எலிசே மாளிகைக்கு, அதாவது ஜனாதிபதி மேசைக்கு, பாண் கொடுக்கும் உரிமை. பத்தே க்ரூத் என்று மாவுக் கூட்டுக்குள் இறைச்சியை அடுக்கிச் சுடும் படு பழைய பண்டம் ஒன்று இருக்கிறது. அதன் உலகப் போட்டியில் ஜப்பானியர் ஒரு தடவைக்கு மேல் வென்றிருக்கிறார்கள். பாட்டியின் கைமணம் என்று தளர்த்தாமல், வெளியிலிருந்து வந்தவன் எழுத்துக்கு எழுத்து படிக்கிறான்.

27 அக்டோபர்

"கோப்பை கழுவியதைப் பெருமையாக எழுதாதீர்கள்" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். பெருமை இல்லை. விசாப் பேப்பர் இல்லாமல், முதுகு உடைய, ஒரே சம்பளத்தில் வருடக்கணக்காக இழுபட்டவர்களை நானும் பார்த்தேன். மலிவு உழைப்பில்தான் இந்தச் சமையல் எப்போதும் நின்றது: எஸ்கோஃபியே காலத்தில் பதின்மூன்று வயதுப் பயிலுநர்கள், பிறகு நாங்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் ஒருவரும் குசினிக்கு வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். கிளாசிக்கின் உண்மையான ஆபத்து எனக்கு இதில்தான் தெரிகிறது. தின்பவர் குறைந்ததால் அல்ல, எட்டு மணி நேரம் சட்டிப் பக்கத்தில் நிற்க ஆள் கிடைக்காததால்.

2 நவம்பர்

பெரிய வீடுகள், அதாவது ஆடம்பர ரெஸ்டாரன்டுகள், பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் நான் அங்கே சாப்பிடுகிற ஆள் இல்லை. பாரிஸின் பழைய ரெஸ்டாரன்டான தூர் தார்ஜானில் 1890 முதல் வாத்துக்கு நம்பர் போட்டுப் பரிமாறுகிறார்கள். எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டி நாளாயிற்று. வாத்தின் எலும்புக்கூட்டை வெள்ளி இயந்திரத்தில் வைத்துப் பிழிந்து, அந்த இரத்தத்தில் சாஸ். ஒருகாலத்தில் மூன்று நட்சத்திரம், இப்போது ஒன்று. மேசை நிறையத்தான் செய்கிறது. லண்டனில் 1967இல் தொடங்கிய ல கவ்ரோஷ் 2024 ஜனவரியில் மூடியது. நியூயோர்க்கில் ல கிரெனூயும் அதே வருடம். பிரான்சுக்கு வெளியே இந்த வகை வேகமாகக் குறைகிறது. வாடிக்கையாளர் முன் வாத்தை அறுக்கவும், கிரேப்புக்கு நெருப்பு வைக்கவும் தெரிந்த பரிமாறுநர் கிடைப்பது குசினி ஆள் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

இவை பத்துப் பதினைந்து இடமாகச் சுருங்கி நிற்கும் என்பது என் கணிப்பு. பூய்யோன் பெருகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற எங்களைப் போன்ற ஐந்து பேர்க் கடைகள்தான் திண்டாடும்.

16 நவம்பர்

இடையில் ஒரு செய்தி. முதலாளி வியாழக்கிழமை மத்தியானம் கன்றுத் தலை போட ஆரம்பித்திருக்கிறார். ஜனாதிபதியாக இருந்த சிராக்குக்கு உயிரான சாப்பாடு அது. தலையை எலும்பு நீக்கி, நாக்கைச் சுற்றி உருட்டிக் கட்டி, மாவும் எலுமிச்சையும் கரைத்த தண்ணீரில் மூன்று மணி நேரம் வேகவைப்பது. மாவுத் தண்ணீர் இல்லாவிட்டால் தோல் கறுத்துவிடும். கூட கிரிபீஷ் சாஸ்: அவித்த மஞ்சள் கரு, கடுகு, எண்ணெய், கேப்பர், சின்ன வெள்ளரி ஊறுகாய், நிறைய மணக்கும் இலைகள். ஷெஃப் இருபது தட்டு போதும் என்றார். ஒன்றரை மணிக்கே முடிந்துவிட்டது. பாதிப் பேர் கிழவர்கள், மீதிப் பேர் பக்கத்து ஆபீஸ் பெடியன்கள். ஒருவன் மட்டும் தட்டைப் பார்த்துவிட்டு பர்கருக்கு மாற்றினான்.

இனி வாராவாரம் உண்டு. தலை செவ்வாய்க்கிழமைக்குள் சொல்லிவைக்கவேண்டும், உள்ளுறுப்பு விற்கும் கடைகள் பாரிஸில் அருகிவிட்டன. மாவும் கொழுப்பும் பிடித்த அந்தச் சட்டியைத் தேய்க்கும் மாலித் தம்பி மட்டும் வியாழக்கிழமை லீவு கேட்டு நிற்கிறான்.